சுவரில் அறிக்கை ஒட்டிய சின்ன மருது

இந்த முறை நான் எழுத எடுத்துக்கொண்டது சின்ன மருதுவின் வரலாறு. நம்ம பொன்னமராவதிக்குப் பக்கத்தில் இருக்கிற திருப்பத்தூரில்தான் அவர் உயிர் பிரிந்தது.

நரிக்குடி அருகே முக்குளம் அவர் பிறந்த ஊர். அண்ணன் பெரிய மருதுவோடு சிவகங்கை அரண்மனையில் வேலைக்குச் சேர்ந்தார். 1772-ல் காளையார்கோவிலில் மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். ராணி வேலுநாச்சியாரை இருவரும் விருப்பாச்சிப் பக்கம் பத்திரமாகக் கூட்டிப்போனார்கள். எட்டு வருசம் பொறுத்திருந்து, ஹைதர் அலி உதவியோடு 1780-ல் சிவகங்கையை மீட்டார்கள்.

சின்ன மருது வளரி வீசுவதில் கெட்டிக்காரர். வளைந்த எறி ஆயுதம்தான் வளரி. வெல்ஷ் என்ற வெள்ளைக்கார அதிகாரிக்கும் அதை எறியக் கற்றுக்கொடுத்தார். அதே வெல்ஷ் பின்னாடி அவரை எதிர்த்துப் படையோடு வந்ததுதான் கொடுமை!

கட்டபொம்மனை 1799-ல் தூக்கிலிட்டார்கள். அவர் தம்பி ஊமைத்துரை 1801-ல் சிறையிலிருந்து தப்பி மறுபடி போரிட்டார். கோட்டை விழுந்ததும் சின்ன மருதுவிடம் அடைக்கலம் வந்தார். சேர்த்துக்கொண்டால் கம்பெனிப் படை தன்மேல் பாயும் என்று தெரிந்தும் சின்ன மருது கைவிடவில்லை.

1801 ஜூன் 16-ல் திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கத்திலும் சுவரில் ஒரு அறிக்கை ஒட்டினார். எல்லாச் சாதியாரும், முஸ்லிம்களும் ஒன்று சேர்ந்து வெள்ளையரை விரட்ட வேண்டும் என்று அழைத்தார். யோசித்துப் பாருங்கள், அதுவும் நம்ம பத்திரிகை மாதிரி சுவரில் ஒட்டியதுதான். ஆனால் அதற்கு விலை உயிர்.

நமக்கு வருத்தமான விஷயம், அன்றைய புதுக்கோட்டைத் தொண்டைமான் மன்னர் கம்பெனி பக்கம் நின்றார். அக்டோபரில் காளையார்கோவில் விழுந்தது. 24-ந் தேதி அண்ணன் தம்பி இருவரையும் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள்.

அதோடு விடவில்லை. சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி அப்போது நம்மைப் போலச் சிறுவன். அவனையும் சேர்த்து எழுபதுக்கும் மேற்பட்டவர்களை 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியில் கப்பலேற்றி, பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தினார்கள். 1818-ல் பினாங்குக்குப் போன வெல்ஷுக்கு, எதிரே நின்ற துரைச்சாமியை அடையாளம் தெரியவில்லை. அந்த வயசிலேயே கிழவர் போல ஆகியிருந்தார்.

திருப்பத்தூர் போகிறவர்கள் மருது பாண்டியர் நினைவு மண்டபத்தைக் கட்டாயம் பாருங்கள். அங்கே நிற்கும்போது, கடலுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோன அந்தப் பையனையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.