தீவுத்திடல் குதிரை வீரர் மன்றோ: மூத்த மகனை மறுபடி பார்க்காமலே கண் மூடிய கவர்னர்

சோழவரம்,

சோழவரம், காரனோடையில் பஸ் ஏறி செங்குன்றம், மூலக்கடை வழியாக சென்னைக்கு வேலைக்குப் போகிறவர்கள் தீவுத்திடல் பக்கம் அந்தச் சிலையைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. உயரமான கல் பீடம். அதன் மேல் குதிரை. குதிரை மேல் ஒரு வெள்ளைக்காரர். சேணம் கிடையாது. கால் வைக்கிற அங்கவடியும் கிடையாது.

சிலை செய்த சிற்பி அங்கவடி வைக்க மறந்துட்டாராம், அந்த அவமானம் தாங்காமல் தற்கொலை பண்ணிக்கிட்டாராம் என்று ஒரு கதை சென்னையில் ரொம்ப நாளாக ஓடுகிறது. அது வெறும் கதைதான். சிலையைச் செய்தவர் லண்டனில் பெரிய பேர் வாங்கிய சிற்பி பிரான்சிஸ் சாண்ட்ரி. லண்டன் டிரபால்கர் சதுக்கத்தில் இருக்கும் 4-ம் ஜார்ஜ் மன்னர் சிலையும் அவர் கைவேலைதான். அதிலும் சேணம் இல்லை, அங்கவடி இல்லை. சென்னை சிலை 1839-ம் ஆண்டு திறக்கப்பட்டது. சாண்ட்ரி 1841-ல் உடல்நலம் இல்லாமல் இறந்தார். அவ்வளவுதான் விஷயம்.

இல்லாத அங்கவடியைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறோம். குதிரை மேல் இருக்கிற ஆளைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்தான் சென்னை மாகாண கவர்னராக இருந்த சர் தாமஸ் மன்றோ. நம்ம வீட்டுப் பெட்டியில் பத்திரமா பூட்டி வைத்திருக்கும் பட்டாவுக்கும் அவருக்கும் சம்பந்தம் உண்டு.

கடன்பட்ட வீட்டுப் பிள்ளை

மன்றோ பிறந்தது 1761-ம் ஆண்டு மே 27-ந்தேதி, ஸ்காட்லாந்தில் உள்ள கிளாஸ்கோ நகரில். கிறிஸ்தவ வியாபாரக் குடும்பம். அப்பா அமெரிக்காவோடு புகையிலை வியாபாரம் செய்தவர். அமெரிக்காவில் சுதந்திரப் போர் வெடித்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. குடும்பம் நொடித்துப் போனது. சின்ன வயதில் வந்த அம்மை நோயால் பையனுக்குக் காதும் சரியாகக் கேட்காது. வேறு வழி இல்லாமல் கிழக்கிந்திய கம்பெனி பட்டாளத்தில் சேர்ந்து 1780-ம் ஆண்டு ஜனவரியில் சென்னையில் வந்து இறங்கினார். அப்போது வயது 18.

வந்த உடனேயே ஏமாந்தார். ஐயா, சீமைத் துணியெல்லாம் இந்த ஊருக்கு ஒத்து வராது, நான் மாற்றித் தருகிறேன் என்ற மாதிரி ஒரு ஆள் நயமாகப் பேசி, துணிமணியையும் கொஞ்சம் பணத்தையும் வாங்கிக்கொண்டு கம்பி நீட்டிவிட்டான். முதல் 3 வருஷம் தலைக்கு வைக்க தலையணை கூட இல்லை. புத்தகத்தையோ தோட்டாப் பையையோ தலைக்கு வைத்துத்தான் தூங்கினார். வேலூரில் இருந்தபோது அவர் வீட்டில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. ஆனாலும் ஊரில் கஷ்டப்பட்ட அப்பா, அம்மாவுக்குப் பணம் அனுப்புவதை அவர் விடவில்லை. இன்றைக்கு துபாய், சிங்கப்பூர் போய் வீட்டுக்குப் பணம் அனுப்பும் நம்ம பையன்கள் படும் பாடுதான் அன்றைக்கு அவருக்கும்.

நம்ம ஆற்றில் நின்ற படை

அவர் வந்த அதே 1780-ல் மைசூர் ஹைதர் அலி படையெடுத்து வந்தார். வடக்கே குண்டூர் பக்கமிருந்து கர்னல் பெய்லி என்ற தளபதி கம்பெனிப் படை ஒன்றை அழைத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டி வழியாக வந்தார். ஆகஸ்டு கடைசியில் கொசஸ்தலை ஆற்றின் வடகரையில் கூடாரம் போட்டார்கள். மறுநாள் கடந்துகொள்ளலாம் என்று நினைத்தபோது வெள்ளம் வந்துவிட்டது. கிட்டத்தட்ட 10 நாள் அப்படியே நின்றார்கள். காரனோடை பாலத்தில் நாம் தாண்டிப் போகிற அதே ஆறுதான்.

அந்தத் தாமதத்துக்குக் கொடுத்த விலை பெரியது. செப்டம்பர் 10-ந்தேதி காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் ஹைதரும் திப்புவும் பெய்லியின் படையைத் துடைத்து எடுத்தார்கள். பெய்லியோடு சேருவதற்காக காஞ்சிபுரம் பக்கம் காத்திருந்த பெரிய படையில் ஒரு சாதாரண இளைஞனாக மன்றோ இருந்தார். அந்தப் படை செங்கல்பட்டுக்குப் பின்வாங்கி ஓடியதை நேரில் பார்த்தார்.

குதிரை மேலே கச்சேரி

1792-ல் திப்புவிடம் இருந்து பாராமகால் சீமை கம்பெனி கைக்கு வந்தது. இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் பக்கம்தான் அது. அங்கே கேப்டன் ரீடு என்பவருக்கு உதவியாக மன்றோ அனுப்பப்பட்டார். பட்டாளத்துக்காரர் வரி வசூல் அதிகாரி ஆனார். தர்மபுரியில் வீடு, தோட்டம் போட்டு 1799 வரை இருந்தார். பிறகு கனரா. அடுத்து 1800 முதல் 1807 வரை நிஜாம் விட்டுக் கொடுத்த பெல்லாரி, அனந்தப்பூர், கடப்பா சீமைகள்.

இங்கேதான் அவர் குதிரைக்கு வேலை. பங்களாவில் உட்கார்ந்து உத்தரவு போடுகிற ஆள் அவர் இல்லை. ஊர் ஊராகக் குதிரையில் போவார். ஊருக்கு வெளியே கூடாரம் அடிப்பார். ரைத்துகளை நேரில் வரச்சொல்லி அவர்கள் பாஷையிலேயே பேசுவார். எந்த நிலம் நஞ்சை, எது புஞ்சை, எவ்வளவு விளையும் என்று கேட்டு, அளந்து, வரி போடுவார்.

இதுதான் ரயத்துவாரி முறை. நடுவில் ஜமீன்தார் இல்லை. உழுகிறவன் பேரில் நேராகக் கணக்கு. கட்டவேண்டியது எவ்வளவு என்று எழுத்தில் ஒரு பட்டா. வங்காளத்தில் ஜமீன்தார் முறை நடந்த காலம் அது. சென்னையிலும் அதைக் கொண்டுவர கம்பெனி மேலிடம் முயற்சி செய்தது. மன்றோ விடாமல் எதிர்த்தார். அவர் கவர்னராக இருந்த காலத்தில்தான் மாகாணத்தின் பெரும் பகுதியில் ரயத்துவாரி நிலைத்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1948-ல் ஜமீன் ஒழிப்பு சட்டம் வந்தபோதும் அந்த நிலங்கள் மாற்றப்பட்டது ரயத்துவாரிக்குத்தான்.

குறையும் உண்டு

எல்லாம் நல்லதே நடந்தது என்று சொல்லமுடியாது. சுமார் 80 பாளையக்காரர்களை அடக்கி, எதிர்த்தவர்களைப் படையை விட்டு நசுக்கியவரும் இவர்தான். வரியும் கடுமைதான். வரி அதிகம், நாலில் ஒரு பங்கு குறைக்கணும் என்று 1807-லேயே அவரே எழுதினார். மேலிடம் கேட்கவில்லை. கவர்னர் ஆன பிறகுதான் குறைக்க முடிந்தது.

இன்னொன்று முக்கியம். பட்டா நிலம் வைத்திருந்தவனுக்குத்தான் கிடைத்தது. அடுத்தவன் வயலில் காலம் காலமாக உழைத்த கூலிக்காரனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த அநியாயத்தை செங்கல்பட்டு கலெக்டர் டிரெமன்ஹீர் எடுத்து எழுதி, 1892-ல் பஞ்சமி நிலம் ஒதுக்க உத்தரவு வர, மன்றோ செத்து 65 வருஷம் ஆனது. அந்த நிலத்துக்கான போராட்டம் நம்ம பக்கத்து மக்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

சாமி காட்சி கொடுத்த கிறிஸ்தவர்

மன்றோ கிறிஸ்தவர். ஆனால் அரசாங்க அதிகாரி தன் பதவியை வைத்துக்கொண்டு மதம் பரப்பக்கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தார். பெல்லாரி பக்கம் ஒரு சப்-கலெக்டர் மதப் பிரசுரம் கொடுத்தபோது, 1822-ல் கவர்னராக இருந்த மன்றோ அதைத் தப்பு என்று எழுதி வைத்தார்.

அதனாலோ என்னவோ, மற்ற மதத்துக்காரர்கள் கதைகளில் அவருக்குத் தனி இடம். மந்திராலயத்தில் மடத்து நிலத்தை எடுக்கும் விஷயமாகப் போனவர், தொப்பியும் பூட்சும் கழற்றிவிட்டு பிருந்தாவனத்தின் முன்னால் நின்றாராம். வேறு யார் கண்ணுக்கும் தெரியாத ராகவேந்திர சுவாமி அவரோடு பேசினாராம். நிலம் மடத்துக்கே நின்றது என்பது மடத்தின் நம்பிக்கை. திருமலையில் பிரசாதம் செய்யும் பெரிய பாத்திரத்துக்கு மன்றோ கங்காளம் என்றே பேர். கடப்பா, அனந்தப்பூர் பக்கம் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பேர் வைத்தார்கள் என்றும் சொல்றாங்க.

52 வயதில் கல்யாணம்

குதிரையிலும் கூடாரத்திலும் வாலிபம் போய்விட்டது. லீவில் ஊருக்குப் போன மன்றோ, 1814-ல்தான் ஜேன் கேம்பல் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்தார். அப்போது வயது 52. அதே ஆண்டு மனைவியோடு திரும்பி வந்தார். 1819-ல் மூத்த மகன் தாமஸ் பிறந்தான். அந்த வருஷமே கவர்னர் பதவி தேடி வந்தது. கைக்குழந்தையை இந்த வெயிலுக்குக் கொண்டுவர பயந்து ஸ்காட்லாந்தில் விட்டுவிட்டு வந்தார்கள். அந்தப் பிள்ளையை அவர் மறுபடி பார்க்கவே இல்லை.

1820 ஜூனில் பதவி ஏற்றார். மாகாணம் முழுவதும் திண்ணைப் பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்கச் சொன்னார். 12 ஆயிரத்து 498 பள்ளிகள் இருப்பதாகக் கணக்கு வந்தது. பெரிய பதவிகளை இந்தியர்களுக்கும் கொடுக்கணும் என்று எழுதினார்.

1823-ல் சென்னையில் இரண்டாவது மகன் கேம்பல் பிறந்தான். வீட்டுக்கு மறுபடி கலகலப்பு வந்தது. அதுவும் நீடிக்கவில்லை. பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் போனதால் 1826-ல் அவனைத் தூக்கிக்கொண்டு மனைவி கப்பல் ஏறினார். கிண்டி பங்களாவில் மன்றோ தனி ஆள் ஆனார். பிள்ளை சத்தம் இல்லாத வீட்டைப் பற்றியும், வெறிச்சோடிப் போன அறைகளைப் பற்றியும் மனைவிக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்.

கடைசிப் பயணம்

என்னை விட்டுடுங்க, ஊருக்குப் போறேன் என்று அவர் முன்பே மேலிடத்துக்கு எழுதியிருந்தார். இடையில் பர்மா போர் வந்து தடுத்தது. கடைசியில் புது கவர்னராக லஷிங்டன் நியமிக்கப்பட்டார். அவர் கப்பல் வந்து சேர்ந்தால் போதும், இவர் கிளம்பலாம்.

அந்த இடைவெளியில் சும்மா இருக்க மனசு கேட்கவில்லை. தான் வேலை பார்த்த பழைய சீமை மக்களை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று 1827 மே மாதம் புறப்பட்டார். வழியில் காலரா இருந்தது. ஜூலை 6-ந்தேதி பத்திகொண்டாவில் கூடாரம் அடித்திருந்தபோது காலையில் அவருக்கே நோய் கண்டது. ராத்திரி உயிர் போய்விட்டது. வயது 66. பக்கத்தில் மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. சீமைக்குச் சேதி போகவே மாதக்கணக்கு ஆகும் காலம் அது.

கூத்தி கோட்டை மலையடியில் புதைத்தார்கள். 1831-ல் உடல் எச்சங்களைச் சென்னைக்குக் கொண்டுவந்து கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். அவருக்குச் சிலை வைக்க மக்களே பணம் போட்டார்கள். பத்திகொண்டாவில் அவர் பேரில் தோப்பும் கிணறும் வந்தன.

2027-ம் ஆண்டு ஜூலை 6-ந்தேதி அவர் இறந்த 200-வது ஆண்டு. சென்னைக்குப் போகும்போது தீவுத்திடலில் பஸ் நின்றால் ஒரு நிமிஷம் நிமிர்ந்து பாருங்க. அடுத்தவன் நிலத்துக் கணக்கை நேராக்க ஊர் ஊராய்க் குதிரையில் சுற்றிய அந்த மனுஷன், சொந்தப் பிள்ளையைப் பார்க்க வீடு போய்ச் சேரவே இல்லை.