தன் தொடையையே சோதனைச்சாலை ஆக்கிய டாக்டர்

வியாழக்கிழமை காலையில் அய்யலூர் ஆட்டுச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். கூட்டத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடக்கும் பெரியவர்கள் நாலு பேராவது கண்ணில் படுவார்கள். இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது என்பார்கள். ஒரு காலத்தில் இதற்கு வழியே கிடையாது. திண்ணையோ கட்டிலோதான் கதி. இன்று தேய்ந்த மூட்டை எடுத்துவிட்டுப் புது மூட்டு வைக்கிறார்கள். அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் இந்த ஆபரேஷன் நடக்கிறது. இதை உலகத்துக்கு நம்பிக்கையோடு கொடுத்தவர் ஜான் சார்ன்லி என்ற இங்கிலாந்து டாக்டர்.

சார்ன்லி 1911-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி பரி என்ற ஊரில் பிறந்தார். லங்காஷயர் பகுதியில் உள்ள மில் ஊர் அது. தந்தை மருந்துக் கடை வைத்திருந்தார். தாயார் நர்ஸ் வேலை கற்றவர். பையன் மான்செஸ்டரில் டாக்டருக்குப் படித்தான். 1935-ல் பட்டம். 1936-ல், 25 வயதிலேயே, அறுவை சிகிச்சை நிபுணர்களுக்கான பெரிய பரீட்சையிலும் தேறிவிட்டார்.

இரண்டாவது உலக யுத்தம் வந்தது. ராணுவ டாக்டராகப் போனார். எகிப்தில் கெய்ரோ நகரில் இருந்தபோது ராணுவப் பட்டறைக்குப் போய் எலும்பு முறிந்தவர்களுக்கான கருவிகளைச் செய்ய வைத்தார். டாக்டர் பாதி, கொல்லர் பாதி என்று சொல்லும்படியான மனிதர்.

தன் காலிலேயே சோதனை

யுத்தம் முடிந்தது. எலும்பை ஒட்டு வைத்தால் எப்படிச் சேர்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். யார் காலை வெட்டிப் பார்ப்பது? தன் காலையே நீட்டினார்! கூட வேலை செய்த டாக்டரைக் கொண்டு தன் முழங்கால் எலும்புக்குக் கீழே ஒட்டு வைக்கச் செய்தார். புண்ணில் கிருமி புகுந்தது. எலும்பு வரை சீழ் பிடித்தது. மறுபடி ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டியதாயிற்று. வீட்டில் யாராவது இப்படிச் செய்தால் நாம் சும்மா இருப்போமா? ஆனால் ஆறாத புண்ணின் வேதனை என்ன என்பதை அவர் ஏட்டில் படிக்கவில்லை. பட்டு அறிந்தார்.

பிறகு ஒரு நோயாளி வந்தார். வேறிடத்தில் பிளாஸ்டிக் இடுப்பு வைத்துக்கொண்டவர். நடந்தால் மூட்டு கிரீச் கிரீச் என்று கத்தியதாம். அந்தச் சத்தம் தாங்காமல் மனைவி அடுத்த அறைக்குப் போய்விடுவாராம். மற்றவர்கள் சிரித்திருப்பார்கள். சார்ன்லி யோசித்தார். எண்ணெய் இல்லாத வண்டிச் சக்கரம் போல உராய்கிறது. உராய்வைக் குறைத்தால்தான் மூட்டு நிலைக்கும் என்று முடிவு செய்தார்.

ரைட்டிங்டன் என்ற ஆஸ்பத்திரியில் வேலை தொடங்கியது. காசநோய்க்காரர்களுக்காக இருந்த இடம் அது. கிண்ணம் போன்ற பகுதிக்கு டெப்லான் என்ற வழுவழுப்பான பிளாஸ்டிக். அதில் சுழல, உருக்கில் செய்த சிறிய உருண்டை. எலும்போடு பிடித்து வைக்க, பல் டாக்டர்கள் பயன்படுத்தும் அக்ரிலிக் பசை.

சுமார் 300 பேருக்கு வைத்தார். வலி பறந்தது. நோயாளிகள் வாழ்த்தினார்கள். இரண்டு மூன்று வருஷம் போயிற்று. டெப்லான் தேய்ந்து தூள் தூளாகி, சுற்றியிருந்த சதையையும் எலும்பையும் கெடுத்தது. நம்பி வந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். அவர் ஒளியவில்லை. தானே திறந்து எடுத்தார்.

1962-ல் ஒரு வியாபாரி வேறு வகைப் பிளாஸ்டிக் கொண்டுவந்தார். நெசவு மில் யந்திரங்களில் பல்சக்கரம் செய்கிற பாலிதீன் அது. நம் வடமதுரை, வேடசந்தூர் பக்கத்து நூல் மில்களில் வேலை பார்ப்பவர்களுக்குப் பல்சக்கரம் என்ன பாடு படும் என்பது தெரியும். சார்ன்லி முதலில் அதை மதிக்கவே இல்லை. பட்டறைக்காரர் ஹாரி கிரேவன்தான் தானாகவே அதை யந்திரத்தில் பொருத்தி ஓட்டிப் பார்த்தார். மூன்று வாரம் ஓடியும், டெப்லான் ஒரே நாளில் தேய்ந்த அளவுக்கு அது தேயவில்லை! பெரிய டாக்டரைவிட அந்தப் பட்டறைக்காரரைத்தான் இந்த இடத்தில் நான் அதிகம் கும்பிடுவேன்.

ஆனாலும் சார்ன்லி அவசரப்படவில்லை. ஒரு தடவை சுட்டுக்கொண்டவர் அல்லவா? இரண்டு பிளாஸ்டிக்கிலும் துளி எடுத்துத் தன் தொடைத் தோலுக்குக் கீழே வைத்துக்கொண்டார். மாதங்கள் கழிந்தன. டெப்லான் வைத்த இடம் வீங்கிக் கட்டியாயிற்று. பாலிதீன் சும்மா கிடந்தது.

காற்றில் இருந்த எதிரி

மூட்டு சரியாகிவிட்டது. புண் மட்டும் சரியாகவில்லை. ஆரம்பத்தில் நூற்றுக்குச் சுமார் ஏழு பேருக்குப் புண்ணில் சீழ் பிடித்தது. சாதாரணப் புண்ணில் சீழ் வந்தால் மருந்து கேட்கும். உள்ளே உலோகம் இருந்தால் கதை வேறு. உலோகத்தில் ரத்தம் ஓடாது. கிருமி அதில் ஒட்டிப் படர்ந்துவிட்டால் மருந்து போய்ச் சேருவது கஷ்டம். கடைசியில் வைத்த மூட்டையே கழற்ற வேண்டி வரும்.

கிருமி எங்கிருந்து வருகிறது? ஆபரேஷன் அறையின் காற்றிலிருந்தும், அங்கே நிற்கும் டாக்டர்களின் மூச்சு, தோல் இவற்றிலிருந்தும் வருகிறது என்று அவர் எண்ணினார். ஹோவொர்த் என்ற எஞ்சினியரைச் சேர்த்துக்கொண்டு, ஆபரேஷன் மேஜையைச் சுற்றித் தனிக் கூண்டு கட்டினார். வடிகட்டிய காற்று மேலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கும். டாக்டர்கள் தலை முதல் மூடிய உடை அணிந்தார்கள். அவர்கள் விடும் மூச்சைக் குழாய் வெளியே இழுத்துவிடும். தையல் போடும் முறையையும் திருத்தினார். சீழ் பிடிப்பது நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது.

இன்றும் வீட்டார் கவனிக்க வேண்டியது அந்தத் தையலைத்தான். முதல் இரண்டு மூன்று நாள் ரத்தமும் நீரும் கசிவது உண்டு. கட்டு நனைவது நாளுக்கு நாள் குறைய வேண்டும். அப்படிக் குறையாமல் கசிந்துகொண்டே இருந்தாலும், நின்ற கசிவு திரும்ப வந்தாலும், சிவந்து வீங்கினாலும், காய்ச்சல் வந்தாலும் ஆபரேஷன் செய்த டாக்டரிடமே உடனே காட்ட வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கும், ரத்தம் உறையாதிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் கசிவு நீடிக்கலாம். கெட்ட நீர் வெளியே போகிறது, போகட்டும் என்று பாட்டிமார் சொல்வதுண்டு. மஞ்சளும் பச்சிலையும் அரைத்துப் போடுவதும் உண்டு. இந்தப் புண்ணில் அது ஆகாது. உள்ளே தேங்கிய ரத்தத்தைச் சீக்கிரமே கழுவி எடுத்தால் மூட்டு பிழைக்கலாம். நாள் கடந்தால் கடினம்.

தன்னிடம் வந்து முறையைக் கற்றுக்கொண்டவர்களுக்குத்தான் மூட்டு விற்க வேண்டும் என்று சார்ன்லி பல வருஷம் கண்டிப்பாக இருந்தார். கர்வம் என்று சிலர் பேசினார்கள். 300 பேருக்கு வைத்ததைத் திரும்பத் திறந்தவருக்கு வேறு எப்படி இருக்க முடியும்?

1975-ல் ராயல் சொசைட்டியில் அங்கத்தினர் ஆனார். 1977-ல் சர் பட்டம் கிடைத்தது. 1982 ஆகஸ்டு 5-ந் தேதி காலமானார்.

தம்முடைய நோயாளிகளிடம் அவர் ஒன்று கேட்டு வைத்திருந்தார். காலம் முடிந்த பிறகு, வைத்த மூட்டை எடுத்துப் பார்க்க அனுமதி தர வேண்டும் என்று. பலர் சம்மதித்தார்கள். அப்படி வந்த மூட்டுக் கிண்ணங்களை அளந்து, எத்தனை வருஷத்தில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கணக்குப் பார்த்து வந்தார்.