புடவை மூட்டையுடன் மலை ஏறியவர்

மழை பொய்த்தால் கண்மாய் வற்றும். கண்மாய் வற்றினால் கங்காணி வருவான்! ஒக்கூரைச் சுற்றியுள்ள சிவகங்கைச் சீமை ஊர்களுக்கு அந்தக் காலத்தில் இது தெரிந்த கதை. முன்பணத்தைக் காட்டி, ஆட்களைத் திரட்டி, இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்கு அழைத்துப் போவான். 'கண்டிச் சீமை' என்று நம்மவர்கள் சொன்னது அந்த மலைநாட்டைத்தான்.

முன்பணம் கடன். வழிச்செலவு கடன். தோட்டத்தில் அளந்த அரிசியும் கணக்கில் ஏறும். இந்தக் கடனுக்கு ஒரு சீட்டு உண்டு. அதன் பெயர் 'துண்டு'. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமா? புதிய துரை அந்தத் தொகையைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்வார். கட்டிய பணம் மறுபடியும் தொழிலாளியின் தலையில்தான் விழும். சொல்லாமல் ஓடினால் சிறை!

தேயிலை லண்டனில் ஏலம் போயிற்று. லாபம் கம்பெனிப் பங்குதாரர்களுக்குப் போயிற்று. கடனோ, கங்காணிக்கும் கூலிக்கும் உள்ள விவகாரமாகி விட்டது. கங்காணி கையில் இருந்ததே தோட்டத்துப் பணம்தான் என்பதை யார் கேட்பது?

கேட்க வந்தவர் கோ. நடேசய்யர்.

மாறுவேடம்

தஞ்சாவூர்ப் பக்கத்தில் 1887-ல் பிறந்தவர் அவர். பள்ளி ஆசிரியர், பிறகு பத்திரிகைக்காரர். இலங்கைக்குப் போனபோது தோட்டங்களைப் பார்க்க விரும்பினார். ஆனால் அவை கம்பெனிகளின் சொந்தச் சொத்து. வெளியார் நுழைந்தால் குற்றம். புடவை வியாபாரிகளுக்கு மட்டும் தடை இல்லை. அய்யரும் புடவை வியாபாரியாக வேடம் போட்டார்! லயத்து வாசல்களில் துணியைக் காட்டிக்கொண்டே, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்று விசாரித்தார். கண்டதை எழுதி அச்சிட்டார். அதன்பின் போலீசாரின் கண் அவர்மேல் விழுந்தது.

துண்டு முறை 1921-ல் சட்டப்படி ஒழிந்தது. அந்தப் பெருமை அவர் ஒருவருக்கே உரியதல்ல. அவருக்கு முன்பே பொன்னம்பலம் அருணாசலம் போராடியிருந்தார். ஆனால் தோட்டத்துக்குள்ளேயே சங்கம் கொண்டுபோனவர் நடேசய்யர்.

'தேசநேசன்', 'தேசபக்தன்' என்று பத்திரிகைகள் நடத்தினார். சட்டசபைக்குள்ளும் போனார். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927-ல் வந்தது. அதன்படி உயர்ந்த மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாள் ஒன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43. கொழுந்து கிள்ளியவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். 1931-ல் தோட்டத் தொழிலாளர்களுக்கென்றே ஒரு சம்மேளனம் அமைத்தார். 1936-ல் அட்டன் தொகுதி அவரை அரசுச் சபைக்கு அனுப்பியது.

பாட்டுப் பாடிய மனைவி

மனைவி மீனாட்சி அம்மாளும் வீட்டில் இருந்துவிடவில்லை. எழுத்து வாசனை இல்லாத மக்களுக்காகத் தாமே பாட்டுக் கட்டினார்; கூட்டங்களில் பாடினார். கணவரின் கட்டுரைகள் எட்டாத லயங்களுக்கு அந்தப் பாட்டுகள் எட்டின.

1947 தேர்தலில் நடேசய்யர் தோற்றுப்போனார். அதே ஆண்டு நவம்பர் 7-ந் தேதி காலமானார். மறு ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டம், அவர் யாருக்காக உழைத்தாரோ அந்த மக்களில் லட்சக்கணக்கானோரை நாடற்றவர்களாக்கியது. அதைப் பார்க்க அவர் இல்லை.