லயனல் வென்ற் விட்டுச்சென்ற ஒளி

கொழும்பிலே 1900ஆம் ஆண்டு பிறந்த லயனல் வென்ற், இங்கிலாந்து சென்று சட்டமும் பியானோ இசையும் கற்று மீண்டார். ஆயினும், அவர் உள்ளத்தை இறுதியிற் கவர்ந்தது கறுப்பு வெள்ளைப் புகைப்படக் கலையே. கிராமத்து மாந்தரையும் நாட்டின் இயற்கையெழிலையும் படம் பிடித்தார். இருட்டறையிலே படம் துலங்கும் வேளையிற் கணநேரம் ஒளி பாய்ச்சி, ஒளியும் நிழலும் இடம்மாறச் செய்யும் நுட்பத்தையும் கையாண்டார். 1934இல் உருவான ‘சோங் ஒவ் சிலோன்’ என்னும் திரைப்படத்தின் வருணனைக் குரலும் அவருடையதே. 1943இல் ‘43 குழு’ என்னும் ஓவியர் குழாம் தோன்றத் துணைநின்றார். மறு ஆண்டே, 44 வயதில், மறைந்தார். பின்னர் அவருடைய மூலப் பிலிம்கள் அழிக்கப்பட்டன. தாளிற் பதித்த படங்களே எஞ்சின. மூல ஏடு செல்லரித்தபின் படியெடுத்த சுவடியினாலே வாழும் பழந்தமிழ் நூல்களை ஓதுவிக்கும் எனக்கு, அப்படங்களைக் காணுந்தோறும் நெஞ்சு நடுங்கும், நன்றியும் சுரக்கும். எஞ்சியவற்றைப் பேணுதல் நம் கடன்.