தறப்பாளும் தலைக்கவசமும்

போர்க்காட்சியைத் திரையிலே காண்போர், வீரன் ஏந்திய வாளும் அணிந்த கவசமும் அக்காலத்துக்கு உரியவைதாமா என்று வினவுவதில்லை. கண்ணாற் கண்டதையே வரலாறு என நெஞ்சில் நிறுத்திக்கொள்கின்றனர். இதனால் விளையும் நன்மை தீமைகளை அறிய விரும்புவோர், ருஷ்யத் திரைக்கலைஞர் சேர்ஜி ஐசன்ஸ்டைனின் வாழ்வை நோக்குதல் தகும்.

1898ஆம் ஆண்டிலே, ரீகா நகரில், கட்டடக்கலைஞர் ஒருவரின் மைந்தராக அவர் பிறந்தார். பெற்றோகிராட்டிற் பொறியியல் பயின்றுகொண்டிருந்த காலத்திற் புரட்சி மூண்டது. 1918இல் செஞ்சேனையிற் சேர்ந்து, அரண் அமைக்கும் பணியில் ஈடுபட்டார். ஆகவே போர்க்களத்தின் அமைப்பு அவருக்கு ஏட்டறிவால் மட்டும் வந்ததன்று. பின்னர் மொஸ்கோவில் நாடக மேடையை நாடினார். அங்கிருந்தே திரைக்கு வந்தார்.

1905இல் கருங்கடற் படையின் பொற்றெம்கின் என்னும் போர்க்கப்பலில் மாலுமிகள் கிளர்ந்தெழுந்தனர். அவ்வாண்டு நிகழ்ச்சிகளின் இருபதாண்டு நிறைவை ஒட்டிப் படம் ஆக்கும் பொறுப்பு 1925இல் ஐசன்ஸ்டைனிடம் வந்தது. அக்கப்பலோ அதற்கு முன்னரே உடைக்கப்பட்டுவிட்டது. செவஸ்தபோலிற் கடற்கண்ணிகளைச் சேமிக்கும் கிடங்காக நின்ற பன்னிரு அப்போஸ்தலர் என்னும் பழங்கப்பலே கிடைத்தது. அதன் மேற்றளத்தில் மரப்பலகைகளாற் பொற்றெம்கினின் தோற்றத்தைப் புனைந்தனர். கீழே வெடிகள் நிறைந்திருக்க, மேலே நடிகர்கள் அடிபார்த்து நடந்தனர்.

கப்பலின் தோற்றத்தில் இத்துணை கருத்துக் கொண்டவர், ஒரு துணி விடயத்தில் மட்டும் உண்மையைத் தெரிந்தே மீறினார். கப்பலில் மரணதண்டனை நிறைவேற்றும்போது, குருதி தளத்திற் படியாதிருக்கத் தறப்பாளைக் காலின்கீழ் விரிப்பது வழக்கம். ஐசன்ஸ்டைன் அதனை மாலுமிகளின் தலைக்கு மேலாகப் போர்த்தினார். கடற்படை விடயங்களில் ஆலோசகராய் இருந்தவர் இதனைத் தடுக்க முயன்றும் அவர் இணங்கவில்லை. முகமற்று ஒடுங்கி நிற்கும் அக்கூட்டம் காண்போர் உள்ளத்தை உலுக்கியது. பின்னாளில், தாமும் அத்தறப்பாளின் கீழ் நின்றவரே என்று கூறி ஒருவர் உரிமை கோரியதையும் ஐசன்ஸ்டைன் தம் நினைவுக்குறிப்பிற் பதிந்துள்ளார். புனைந்த காட்சி, நிகழாத அனுபவத்துக்கும் சாட்சியை உண்டாக்கிவிட்டது!

1938இல் அவர் ஆக்கிய அலெக்சாந்தர் நெவ்ஸ்கி, 1242இல் உறைந்த பெய்ப்புஸ் ஏரியில் ஜெர்மானியச் சமயப்படை வீரரை ருஷ்யர் வென்ற வரலாற்றைக் கூறுவது. அதன் திரைக்கதை அச்சில் வெளிவந்தபோதே வரலாற்றறிஞர் கடுமையாகக் கண்டித்தனர். அதன்பின் அது திருத்தப்பட்டது. எனினும், பகைவரின் காலாட்படைத் தலைக்கவசம் இருபதாம் நூற்றாண்டு ஜெர்மன் படையினரின் உருக்குக் கவசத்தை நினைவூட்டும் வகையில் அமைந்தது. ஆயரின் முடியிலோ நாற்சியின் சுவத்திக்க வடிவம் பொறிக்கப்பட்டது. இவை அறியாமையால் நேர்ந்தவை அல்ல. வரப்போகும் போரைப் பற்றிய எச்சரிக்கைகள்.

அதனாலேயே, 1939 ஆகஸ்டில் சோவியத்தும் ஜெர்மனியும் உடன்படிக்கை செய்துகொண்டபோது அப்படம் திரையிலிருந்து மறைக்கப்பட்டது. 1941இல் ஜெர்மனி படையெடுத்ததும் மீண்டும் காட்டப்பட்டது. ஆயின், கோடை வெயிலிற் செயற்கைப் பனியின்மீது எடுக்கப்பட்ட அக்காட்சியில், பனி பிளந்து வீரர் நீரில் மூழ்குகின்றனர். அப்போரைப் பற்றிய பழைய ஏடுகளில் அதற்குத் தெளிவான சான்றில்லை. 1234இல் வேறொரு போரில் ஆற்றுப்பனி உடைந்த செய்தியே உண்டு. இருந்தும் 1242 என்றவுடன் பலர் மனக்கண்ணில் எழுவது அம்மூழ்கும் வீரரே.

1948 பெப்ரவரியில், ஐம்பதாம் அகவையில், மாரடைப்பால் அவர் மறைந்தார். அவர் அறிந்தே செய்த மாற்றங்களைக் கலையின் பெயரால் நாம் ஏற்கலாம். ஏனெனில், பொய்க்கவசத்தின் மூலம் தம் காலத்தின் மெய்யச்சத்தை அவர் காட்டினார். எனினும் அவர் அறிந்து செய்ததை நாம் அறியாது நம்பினால், பிழை அவருடையதன்று, நம்முடையதே. மாணவருக்குப் போர்ப்படத்தைக் காட்டும் ஆசிரியர், படம் முடிந்தபின் ஏட்டையும் ஒருமுறை திறந்து காட்டுவாராக.