பொம்மை ரயில் தந்த பிராங்க் ஹார்ன்பி

நீராவி எஞ்சினைப் பற்றி எழுதப் புகுவோர் ஸ்டீபன்சனைத்தான் எடுத்துக்கொள்வர். நான் எடுத்துக்கொண்டவர் பெரிய ரயில் எதையும் செய்தவர் அல்லர். கூடத்துத் தரையில் வட்டமடிக்கும் தகர ரயிலைச் செய்து விற்றவர். விளையாட்டுச் சாமான்காரருக்கு ஒரு வரலாறா என்று நண்பர்கள் நகைக்கலாம். நகைத்துவிட்டு மேலே படியுங்கள்.

பிராங்க் ஹார்ன்பி 1863ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் இங்கிலாந்தின் துறைமுக நகரமான லிவர்ப்பூலில் பிறந்தார். தந்தை உணவுப்பொருள் வணிகர். மகன் பதினாறு வயதில் பள்ளியை விட்டுத் தந்தையின் கடையில் காசாளராக அமர்ந்தார். 1887இல் ஆசிரியையான கிளாராவை மணந்தார். 1899இல் தந்தை இறக்கவே கடையும் மூடப்பட்டது. முப்பத்தாறு வயதில் டேவிட் எலியட் என்னும் இறைச்சி இறக்குமதியாளரிடம் கணக்கெழுதப் போனார். பொறியியல் கல்லூரி வாசலை அவர் மிதித்ததில்லை. பட்டறையில் தொழில் பழகியவரும் அல்லர்.

ஆனால் வீட்டில் ஒரு சிறு பட்டறை வைத்திருந்தார். தம் பையன்களுக்காகத் தகட்டை வெட்டிப் பாலம், பாரந்தூக்கி, வண்டி என்று செய்துகொடுப்பார். ஒவ்வொரு பொம்மைக்கும் தனித்தனியே பாகங்களை வெட்ட வேண்டியிருந்தது. பாலம் சலித்துவிட்டால் அதற்கு வெட்டிய தகடுகள் வேறெதற்கும் உதவா. இங்கேதான் அந்தக் கணக்கருக்கு ஒரு யோசனை பிறந்தது. எல்லாத் தகடுகளும் அரை அங்குல அகலம். அவற்றில் அரை அங்குலத்துக்கு ஒரு துளை. எல்லாத் துளைக்கும் ஒரே அளவுப் போல்ட். இன்று பாலத்தில் இருக்கும் தகட்டை நாளை பாரந்தூக்கியில் பூட்டலாம். கேட்பதற்கு எவ்வளவு எளிது! ஆனால் அத்தனை சிறிய போல்ட்டும் நட்டும் கடையில் கிடைக்காததால், அவற்றையும் அவரே கையால் செய்ய நேர்ந்தது.

முதலாளி எலியட்டிடம் ஐந்து பவுன் கடன் வாங்கி 1901இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பொம்மையைச் செய்துதர ஆலைகளைத் தேடியபோதுதான் உண்மையான தொல்லை தொடங்கிற்று. கணக்கரின் பேச்சை எளிதில் யார் கேட்பார்? லிவர்ப்பூல் பல்கலைக்கழகக் கல்லூரியின் பொறியியல் பேராசிரியர் ஹீல்-ஷா பாராட்டிக் கடிதம் தந்த பிறகே வழி திறந்தது. (திரவ ஓட்டம் பற்றிய பாடத்தில் வரும் அதே ஹீல்-ஷா.) பேராசிரியரை நான் போற்றுகிறேன். ஆயினும், எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் என்ற முறையில், இந்த இடத்தில் சற்றே நின்றுவிட்டேன். துளையிட்ட தகடு கடிதத்துக்கு முன்னும் பின்னும் ஒன்றேதான்!

1902இல் பெட்டி விற்பனைக்கு வந்தது. விலை ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ். கூலித் தொழிலாளியின் பிள்ளை தொட முடியாத விலை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1906 வரை லாபமே இல்லை. 1907இல் மெக்கானோ என்ற பெயர் பதிவாயிற்று. அடுத்த ஆண்டு கம்பெனி உருவாயிற்று. 1914இல் பின்ஸ் சாலையில் பெரிய ஆலை எழுந்தது.

இனி ரயிலுக்கு வருவோம். முதல் உலகப்போருக்கு முன் பிரிட்டிஷ் கடைகளில் ஜெர்மானியப் பொம்மை ரயில்களே மிகுதி. போர் அவ்வரவை நிறுத்திவிட்டது. 1920இல் ஹார்ன்பி தம் பெயரிலேயே ரயிலை வெளியிட்டார். தண்டவாள இடைவெளி 32 மில்லிமீட்டர். சாவி கொடுத்தால் சுருள்வில்லின் விசையில் ஓடும். அந்த முதல் எஞ்சினில் என்னைக் கவர்ந்தது ஓட்டமன்று, கட்டுமானம். மற்றவர்கள் தகரத்தை மடித்துச் செருகிய காலத்தில், இவர் போல்ட்டும் நட்டும் போட்டுப் பூட்டினார். பையன் முழு எஞ்சினையும் பிரித்து மறுபடி பூட்டலாம். பின்னாளில் செலவைக் குறைக்க இவரது கம்பெனியும் தகர நாக்கை மடிக்கும் முறைக்கே சென்றது. அது எனக்கு வருத்தம்தான்.

1925இல் மின்சார ரயில் வந்தது. இயற்பியல் மாணவர்கள் கவனிக்க: வீட்டு மின்சாரத்தையே ஒரு பல்பின் வழியே தொடரிணைப்பில் செலுத்தித் தண்டவாளத்துக்குக் கொடுத்தனர்! பல்பு மின்தடையாகி மின்னோட்டத்தைக் குறைக்கும். ஆனால் தண்டவாளத்தில் கை வைத்த குழந்தையைக் காக்காது. விரைவிலேயே குறைந்த மின்னழுத்தத்துக்கு மாறிவிட்டனர்.

1928இல் ரயில் ஓட்டும் சிறுவர்களுக்கென ஒரு சங்கமும் உண்டாயிற்று. 1931 முதல் 1935 வரை ஹார்ன்பி எவர்ட்டன் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தார். அதில் சொல்லத் தக்கது அதிகமில்லை. அதைவிட, 1934இல் மான்செஸ்டரில் ஹார்ட்ரீயும் போர்ட்டரும் வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் இயந்திரத்தை இவருடைய மெக்கானோ பாகங்களைக் கொண்டு கட்டியதே பெரிது. பள்ளியைப் பாதியில் விட்டவரின் தகடுகள் பல்கலைக்கழக ஆய்வறைக்குள் கடிதமின்றியே நுழைந்துவிட்டன. 1936 செப்டம்பர் 21இல் ஹார்ன்பி மறைந்தார். 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடும் டப்ளோ ரயில் 1938இல் வந்தது. அதை அவர் காணவில்லை. 1964இல் கம்பெனி கைமாறியது. 1979இல் பின்ஸ் சாலை ஆலை மூடப்பட்டது. தொழிலாளர்கள் உள்ளேயே அமர்ந்து போராடியும் பயனில்லை. ஹார்ன்பி என்ற பெயர் மட்டும் வேறொரு நிறுவனத்தின் ரயில்களில் இன்றும் ஓடுகிறது.

அந்தப் பழைய தகர ரயில்களைத் தேடிப் பிடித்துச் சீர்செய்வோர் பல நாடுகளில் உள்ளனர். இறுகிப்போன கிரீசைக் கழுவி, துருவை நீக்கி, ஒடிந்த சுருள்வில்லை மாற்றினால் பெரும்பாலும் ஓடிவிடும். தீராத நோய் ஒன்றுண்டு. 1930களில் துத்தநாகக் கலப்பு உலோகத்தில் வார்த்த சக்கரங்களில் சிறிது ஈயம் கலந்துவிட்டிருந்தால், உலோகத்தின் படிகத் துகள்களுக்கிடையே அரிப்பு ஏற்பட்டு, சக்கரம் உப்பி வெடித்து உதிர்ந்துவிடுகிறது. பசை போட்டு ஒட்ட முடியாது. புதுச் சக்கரந்தான் பொருத்த வேண்டும். பழைய வண்ணத்தின் மேல் புதிதாக அடிக்கலாமா, கீறலை அப்படியே விடலாமா என்பதில் அவர்களுக்குள் தீராத வழக்கு. நான் கீறலின் பக்கம்.

என் தந்தை மிதிவண்டி பழுதுபார்ப்பவர். படம் ஒன்றைக் காட்டி இந்த வரலாற்றையெல்லாம் அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்த முதல் எஞ்சினின் நட்டு இன்றைக்குக் கிடைக்குமா என்று மட்டும் கேட்டார். கிடைக்கிறது. 5/32 அங்குலம், விட்வொர்த் மரை. புதிதாகச் செய்து விற்கிறார்கள்.