பிற சமயம் பயின்ற சீகன்பால்கு

வாரத்தில் இரண்டு நாள் எங்கள் வகுப்பு இரண்டாகப் பிரியும். மணி அடித்ததும் கத்தோலிக்க மாணவியர் மறைக்கல்விக்கும், ஏனையோர் நீதிபோதனைக்கும் எழுந்து செல்வோம். ஆறாம் வகுப்பு முதல் ஒரே பெஞ்சில் அமர்ந்து, ஒருத்தியின் டிபன் பாக்ஸில் மற்றவள் கை நனைத்து வளர்ந்த நாங்கள், அந்த ஒரு மணி நேரம் மட்டும் வேற்றூரார் ஆகிவிடுவோம். நெல்லிக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வரும் தோழி நோன்பு நாளில் ஒரு வாய்த் தண்ணீரும் பருகாதது ஏன்? ஊர் எல்லையில் ஐயனாருக்கு மண் குதிரைகளை வைப்பது ஏன்? எங்களுக்குத் தெரியாது. கேட்கவும் கூச்சம்.

இந்தக் கூச்சம் சிறிதுமின்றி, முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழரிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டவர் ஒருவர் உண்டு. அவர்தாம் பர்த்தலோமேயு சீகன்பால்கு. லுத்தரன் சபையார், நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். கத்தோலிக்கப் பள்ளியின் ஆண்டு மலரில் அவரைப் பற்றி எழுதலாமா என்று தயங்கினோம். சிஸ்டர் சிரித்துக்கொண்டே எழுதச் சொன்னார்கள்.

ஜெர்மனியில் சாக்சனி நாட்டுப் புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூரில் 1682-ஆம் ஆண்டு பிறந்தார் சீகன்பால்கு. இளமையிலேயே பெற்றோரை இழந்தார். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அவரையும் புளூட்சோ என்பவரையும் மறைபரப்பாளர்களாக அனுப்பினார். கடலூரிலிருந்து சிதம்பரம், சீர்காழி கடந்து தெற்கே சென்றால் வருகிறதே தரங்கம்பாடி, அங்கே அப்பொழுது டேனியர் கோட்டை இருந்தது. 1706 ஜூலை 9 அன்று அவ்விருவரும் அங்கு வந்திறங்கினர்.

அவருக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. முதிய திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் மாணவரோடு அவர் இருப்பிடத்திற்கே வந்து பாடம் நடத்தினார். படித்த பாதிரியார், சிறு பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் அகரம் எழுதினார்! ஒன்றாம் வகுப்பில் நாங்கள் அழுதுகொண்டு செய்ததை அவர் ஆசையோடு செய்தார். ஈராண்டிற்குள் உலகநீதியையும் கொன்றைவேந்தனையும் நீதிவெண்பாவையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்துவிட்டார்.

ஆயினும் தொடக்கத்தில் அவர் பிற சமயத்தை மதித்தவர் அல்லர். இதை மறைத்து எழுதினால் அவர் வரலாறு பொய்யாகிவிடும். ஒருமுறை ஓர் அம்மன் கோயிலைச் சூழ்ந்திருந்த மண் உருவங்களைக் கண்டார். இவற்றிற்கு ஆற்றல் இல்லை என்று காட்ட விரும்பி, சிலவற்றைக் கீழே தள்ளினார்; சிலவற்றின் தலையை உடைத்தார். அங்கிருந்த தமிழர் ஒருவர், இவை கடவுளர் அல்ல, கடவுளின் காவலர்களே என்று விளக்கினாராம். எது கடவுள், எது காவலர் என்றுகூட அறியாமலே கை ஓங்கியிருக்கிறார்! இதைப் படித்தபோது எங்களுக்குக் கோபம் வந்தது. அடுத்த கணம், ஐயனார் குதிரைகளைப் பார்த்து நாங்கள் கேலி பேசியதும் நினைவுக்கு வந்தது.

பிறகு அவர் கை ஏட்டுச்சுவடிகளை நாடியது. எழுத்தர்களை ஊர் ஊராக அனுப்பிச் சுவடி வாங்கினார். 1708-இல் அவற்றிற்கு ஒரு பட்டியல் எழுதினார். அதில் தமிழர்தம் நூல்கள் மட்டும் 119. கத்தோலிக்கக் குருக்கள் எழுதிய தமிழ் நூல்களுக்கும் முஸ்லிம்களின் நூல்களுக்கும் தனித்தனிப் பகுதிகள் வைத்தார். கிறிஸ்தவக் கருத்துகளைத் தமிழில் சொல்லும் முறையை நம் குருக்களின் நூல்களிலிருந்தே கற்றார் என்பதில் எங்களுக்குச் சற்றுப் பெருமைதான். பல சுவடிகள் கணவரை இழந்த பெண்களிடமிருந்து மலிவாகக் கிடைத்தனவாம். அப்பெண்களுக்கு எழுத்து தெரிந்திருந்தால் அவ்வளவு எளிதில் கொடுத்திருப்பார்களா? அவர் 1707-இலேயே தரங்கம்பாடியில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கியதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

ஏடுகளோடு அவர் நிற்கவில்லை. 1712 முதல் அவரும் உடன் பணியாளர் கிருண்ட்லரும் தமிழறிந்த பெரியோர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பினர். உங்கள் வழிபாடு என்ன, சடங்கு என்ன, எங்கள் சமயத்தைப் பற்றி என்ன எண்ணுகிறீர்கள் என்றெல்லாம் கேட்டனர். தமிழர்கள் அஞ்சாமல் எழுதினர். கிறிஸ்தவர்கள் மாட்டைக் கொல்கிறார்கள், குடிக்கிறார்கள், சுத்தம் பேணுவதில்லை என்று பதில் வந்தது. சீகன்பால்கு தம் மறுப்புகளைச் சேர்த்தார். ஆனால் அந்தக் குறைகளை ஒளிக்கவில்லை. 99 கடிதங்கள் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சேறின.

1713-இல் அவர் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூலை எழுதி முடித்தார். பரம்பொருள், மும்மூர்த்திகள் என்று தொடங்கி, மாரியம்மன், ஐயனார் முதலிய கிராம தேவதைகள்வரை, எப்படி வழிபடுகிறார்கள் என்பதை வழிபடுவோரின் வாய்மொழியாகவும் ஏடுகளின் வழியாகவும் விளக்கினார். மதம் மாற்றும் எண்ணத்தை அவர் கைவிடவில்லை. எனினும் மண் உருவங்களை உடைத்த அதே கை எழுதிய நூல் அது.

கையெழுத்துப் படி ஹாலேக்குச் சென்றது. அங்கிருந்த பெரியவர் பிராங்கே அதை அச்சிட உடன்படவில்லை. பிற சமயத்தை வேரறுக்கத்தான் உங்களை அனுப்பினோம், அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது அவர் கருத்து. நூல் பெட்டிக்குள் உறங்கியது.

சீகன்பால்கு ஓயவில்லை. கோட்டைத் தளபதியின் பகையால் நான்கு மாதம் சிறையிருந்தவர் அல்லவா! தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். 1717-இல் நம் கடலூரிலும் இவர்தம் மிஷனின் பள்ளி தோன்றியது. 1718-இல் தரங்கம்பாடியில் புதிய எருசலேம் ஆலயம் எழுந்தது. மறு ஆண்டு பிப்ரவரி 23 அன்று, 36 வயதில் இறந்து, அவ்வாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அந்த நூல் 1867-இல்தான் சென்னையில் அச்சானது. எழுதி முடித்து 154 ஆண்டுகள்!

இதைப் படித்த பிறகு நாங்களும் ஒரு காரியம் செய்தோம். மறைக்கல்விப் பக்கமும் நீதிபோதனைப் பக்கமும் காகிதத்தில் கேள்விகள் எழுதி மாற்றிக்கொண்டோம். நோன்பைப் பற்றி எங்களுக்கு மூன்று பக்கம் பதில் வந்தது. எங்களுக்கு வந்த முதல் கேள்வி இது: சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வருகிறீர்களே, அது எங்கள் திருநீறு போன்றதா?

சிஸ்டரிடம் ஓடினோம். முதலில் நீங்களே எழுதிக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டோம். மூன்றாம் முறை எழுதிக்கொண்டிருக்கிறோம்.